ஆத்துமாவின் இசையும் நம் பறையும்



பெங்களூரில் வேலை பார்க்கும் நம் சபை வாலிபர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தம் கைப்பேசியில் இரண்டு பாடல்களை எனக்குக் கேட்கக் கொடுத்தார். இரண்டையும் பாடியவர் அரீத்தா ஃபிராங்க்ளின் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. ஒன்று 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பாப்திஸ்து ஆலயம் ஒன்றில் சபையார் நடுவே பாடியது. மற்றது 1967-இல் வெளிவந்து உலகெங்கும் வானொலிகளில் ஒலித்த 'ரெஸ்பெக்ட்'. குரலின் வளைவும், பின்னால் நின்று பதில் பாடும் பெண்களும், தாளம் விழும் இடமும் இரண்டிலும் உறவுக்காரர்களைப் போல இருந்தன. "இதில் எது கோயில் பாட்டு, எது வெளிப்பாட்டு, ஐயா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. வரும் அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பறை இசைக்க அனுமதி வேண்டும் என்று வாலிபர் ஐக்கியத்தார் எழுதிக் கொடுத்திருக்கிற இந்நாட்களில் அதைச் சற்று விரித்தே சிந்திக்க விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறை ஆலயத்துக்குள் வரலாம், வரவும் வேண்டும். ஆயினும், "பண்டிகை களைகட்டும், வாலிபர்கள் கூடுவார்கள்" என்று அவர்கள் எழுதியிருக்கும் காரணம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

'சோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆத்துமா என்று பொருள். 1950-களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கறுப்பின மக்களிடையே தழைத்த இசைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அதன் வேர் ஆலயத்தில் இருக்கிறது. ஆலயத்துக்கும் முன்னால் அடிமைகளின் குடிசையில் இருக்கிறது. 1739-இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசு முழக்கிக்கொண்டு நடந்தார்கள். மறு ஆண்டே, அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கலாகாது என்று அங்கே சட்டம் பிறந்தது. முரசு போனது; தாளம் போகவில்லை. கைதட்டலாகவும், மரத்தரையில் விழும் பாதங்களின் ஒலியாகவும் அவர்களுடைய இரகசிய ஜெபக்கூட்டங்களில் அது உயிரோடிருந்தது.

விடுதலைக்குப்பின் நடந்த ஒன்றை நாம் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். நாஷ்வில் நகரில் விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1866-இல் திறக்கப்பட்ட ஃபிஸ்க் கல்விநிலையம் சில ஆண்டுகளிலேயே பணமின்றித் தள்ளாடியது. 1871-இல் அதன் பொருளாளர் ஒன்பது மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு, பாடி நிதி திரட்டப் புறப்பட்டார். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கூறும் யூபிலி ஆண்டின் பெயரையே அந்தக் குழுவுக்குச் சூட்டினார்கள். இன்று உலகம் முழுவதும் போற்றும் அடிமைகளின் ஞானப்பாடல்களை மேடையேற்றியவர்கள் இவர்களே. ஆனால் அந்த மாணவர்கள் தொடக்கத்தில் அவற்றைப் பொது இடத்தில் பாடத் தயங்கினார்கள். அவை தங்கள் பெற்றோரின் கண்ணீரிலிருந்து வந்தவை, அடிமைத்தனத்தின் வாடை வீசுபவை, பரிசுத்தமானவையும்கூட. அந்நியர் முன்னால் வேடிக்கைப் பொருளாக எப்படிப் பாடுவது? முதலில் தங்களுக்குள் மட்டும், அறைக்குள் பாடிக்கொண்டார்கள். மனம் தேறிய பிறகே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1873-இல் விக்டோரியா மகாராணியின் முன்பாகவும் பாடினார்கள். திரட்டிய பணத்தில் அவர்கள் எழுப்பிய ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது.

அடுத்த தயக்கம் ஆலயத்தின் பக்கத்திலிருந்து வந்தது. தாமஸ் டார்சி என்பவர் மதுக்கூடங்களில் 'புளூஸ்' என்னும் துயரப் பாடல்களுக்குப் பியானோ வாசித்தவர். அந்தத் துயரத்தின் சுரங்களையே சுவிசேஷப் பாடலுக்கு அவர் கொண்டுவந்தபோது, சிக்காகோவின் கௌரவமான கறுப்பினச் சபைகள் பல அவருக்குக் கதவைச் சாத்தின. 1932-இல் அவர் வெளியூரில் பாடப் போயிருந்த வேளையில் மனைவி பிரசவத்தில் மரித்தார். பிறந்த பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்த நாட்களில் அவர் இயற்றியதுதான் 'டேக் மை ஹேண்ட், பிரஷ்யஸ் லார்ட்'. 1968 ஏப்ரல் 4 மாலை, மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்குச் சற்று முன்பு, அன்றிரவுக் கூட்டத்தில் வாசிக்கும்படி இசைக்கலைஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டது அந்தப் பாடலைத்தான். அவருடைய அடக்க நாளில் மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். கதவைச் சாத்திய சபைகள் அப்பாடலைத் தங்களுடையதென்று சொல்லிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை.

பிறகு ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. 1954-இல் ரே சார்ல்ஸ் என்ற பார்வையற்ற பாடகர், ஒரு சுவிசேஷப் பாடலின் மெட்டை எடுத்து, இயேசுவைப் பற்றிய சொற்களின் இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிய சொற்களை வைத்துப் பாடினார். சபையார் கொதித்தார்கள். அவர்கள் கொதித்ததில் எனக்கும் உடன்பாடு உண்டு; ஜெபத்தின் உருகலைச் சரீர ஆசைக்கு வாடகைக்குவிடுவது சிறிய காரியம் அல்ல. ஆனாலும் அந்தப் பாதையில் போன எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. போதகரின் மகனான சாம் குக், ஆலயங்களில் பாடித் திரிந்த குழுவை விட்டு 1957-இல் வெளிப்பாட்டுக்குப் போனார். 1963-இல் லூசியானாவில் ஒரு விடுதி அவருடைய நிறத்துக்காக அவருக்கு இடம் மறுத்தது. அதன் பின்னர் அவர் இயற்றிய 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' என்ற பாடலைச் சங்கீதப் புஸ்தகத்தின் புலம்பல்களோடு சேர்த்து வைத்துக் கேட்கலாம் என்பது என் எண்ணம். அரீத்தாவும் போதகரின் மகளே. டெட்ராய்ட்டில் அவருடைய தகப்பனார் பேர்பெற்ற பிரசங்கியார். 1972-இல் மகள் ஆலயத்தில் பாடிய இரவுகளில் ஒன்றில் தகப்பனாரும் வந்திருந்து, அவள் ஆலயத்தைவிட்டு ஒருநாளும் போனதில்லை என்னும் பொருள்படப் பேசினார்.

இனி இந்த இசையின் ஒலியைப் பற்றி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பாமாலைகளை ஆர்கனோடு பாடும்போது ஒன்றிலும் மூன்றிலும் பாரம் விழும். சோல் இசையில் கைதட்டு இரண்டிலும் நான்கிலும் விழும். உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடும் இரகசியம் அதுதான். தலைவர் ஒரு வரியை விடுவார், சபை அதை வாங்கும். நம் கீர்த்தனையிலும் தெருக்கூத்தின் பின்பாட்டிலும் நமக்குப் பழகியதே. ஒரே எழுத்தின்மேல் குரல் பத்துச் சுரம் ஏறி இறங்கும். நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியில் ஒரு 'அய்யோ'வை இழுப்பதைக் கேட்டவர்களுக்கு அதுவும் அந்நியம் அல்ல. பின்னணியில் அலையலையாய் நடுங்கும் ஹேமண்ட் ஆர்கன், குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத சபைகளுக்காக 1930-களில் விற்பனைக்கு வந்த மலிவான மாற்று. நம்முடைய பழைய ஆலயங்களின் துருத்தி ஹார்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்! ஏழைச் சபைகள் தங்களுக்குக் கிடைத்ததைக் கொண்டு தங்கள் ஓசையை உண்டாக்கிக்கொண்டன.

அமெரிக்கக் கதை போதும், நம்முடையதற்கு வருவோம்.

தமிழ்த் திருச்சபையின் இசை என்றவுடன் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை நினைக்கிறோம். 1774-இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, ஜெர்மன் ராகங்களில் இடறிக்கொண்டிருந்த சபைக்குத் தமிழ் இராகமும் தாளமும் தந்தவர். குறவஞ்சியைப் பெத்லகேமுக்கு அழைத்துச் சென்றவர். 1853-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்த கீர்த்தனைப் புத்தகத்துக்குப் பின் அந்தப் பாடல்கள் சபை சபையாகப் பரவின. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் அதே சாஸ்திரியார், 1829 வாக்கில் புதிய மிஷனரிகள் ஆலயத்தில் சாதி வேற்றுமையை நீக்க முயன்றபோது, அதை எதிர்த்து எழுதியவர்களின் முன்வரிசையில் நின்றார். சிறந்த பாடலாசிரியர் சொன்னவை எல்லாம் சிறந்தவை ஆகிவிடுவதில்லை. கர்நாடக இராகம் ஆலயத்துக்குள் வந்தது, அது நன்று. கூடவே, எந்த இசை சுத்தமானது, எந்த இசை தீட்டானது என்ற கணக்கும் சொல்லாமலே உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. அந்தக் கணக்கில் வயலினும் மிருதங்கமும் உள்ளே, பறை வெளியே. இத்தனைக்கும் மிருதங்கத்தின் முகமும் மாட்டுத் தோல்தான்.

பறையின் நிலையை ஃபிஸ்க் மாணவர்களின் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் அடிமையின் கையிலிருந்து முரசைப் பிடுங்கினார்கள். இங்கோ, கையில் திணித்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து ஆள் வந்து அடிக்க வேண்டும். தண்டோரா போட வேண்டும். திருவிழாவில் தேருக்கு முன்னால் எட்டி நின்று முழக்க வேண்டும். கூலி ஊர் கொடுத்ததுதான். 'பறைதல்' என்றால் சொல்லுதல் என்று பொருள். அந்தக் கருவியை ஏந்தியவருக்கோ தம் பேச்சைப் பேச அனுமதி இல்லை. அங்கே வேண்டாம் என்ற சட்டமும் இங்கே வேண்டும் என்ற வழக்கமும் ஒரே வேலையைத்தான் செய்தன.

ஆகவே நம் சபை மூப்பர்கள் சிலர் வாலிபர்களின் மனுவைக் கண்டு முகம் சுளித்தபோது, நான் அதைப் பழமைவாதம் என்று தள்ளவில்லை. "எங்கள் பாட்டனார் பறையைக் கீழே வைத்த அன்றுதான் வேதாகமத்தைக் கையில் எடுத்தார். அதை மறுபடியும் தூக்கச் சொல்கிறீர்களா, ஐயா?" என்றார் ஒருவர். இந்த மாவட்டத்தில் இது வெறும் தாத்தா காலத்துக் கதையும் அல்ல. 2012 நவம்பர் 7 அன்று நம் நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்ததை நாம் கண்டிருக்கிறோம். 137-ஆம் சங்கீதத்தில் பாபிலோன் ஆறுகளருகே உட்கார்ந்திருந்தவர்களிடம், சிறைபிடித்தவர்கள் வந்து பாட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் சுரமண்டலங்களை மரத்தில் மாட்டிவிட்டார்கள். பாடத் தெரியாததாலா? யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதாலேயே. பறையைக் கீழே வைத்த நம் முன்னோர்களின் செயலை நான் அந்தச் சங்கீதத்தோடு சேர்த்தே வாசிக்கிறேன். அது விசுவாசத்தின் செயல்.

பின்னே, ஏன் இப்பொழுது எடுக்கலாம் என்கிறேன்?

மாட்டி வைத்ததைத் தாங்களாகவே இறக்கி எடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு ஐயாவை (1940–2005) எங்கள் தலைமுறைப் போதகர்கள் 'பரட்டை அண்ணன்' என்றே அறிவோம். கீர்த்தனை மேல்சாதியின் இசைமொழி, பாமாலை வெள்ளையரின் இசைமொழி, கூலிக்குப் போய் வருகிற சகோதரி எந்த மொழியில் ஆண்டவரிடம் பேசுவாள் என்பது அவருடைய கேள்வி. கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில் முழு ஆராதனை முறையையே அமைத்தார். பரமண்டல ஜெபத்தில் பிதாவை, தாய்க்கும் தகப்பனுக்கும் பொருந்தும்படி 'பெத்தவரே' என்று அழைத்தார். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதாக விளக்கினார். பாட்டு எளிதாக இருக்க வேண்டும். பாடுகிற மக்கள் தங்கள் தேவைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற முடியாத பாட்டு மக்களுடையது ஆகாது என்றும் வற்புறுத்தினார். இந்தக் கடைசிக் கருத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை. சில பாடல்களை மாற்றாமல் காப்பதிலும் ஒரு சபையின் நினைவு இருக்கிறது. ஆனால் அவர் பறையை மீட்டது பண்டிகையைக் களைகட்டச் செய்வதற்காக அன்று என்பதை நம் வாலிபர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல்லில் கத்தோலிக்கக் கன்னியர்கள் தொடங்கிய சக்தி கலைமையத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம்பெண்கள் பறை கற்கிறார்கள்; ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அது. 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசிரியர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட கருவி குடியரசுத் தலைவர் மாளிகை வரை போய்விட்டது. நம் ஆலயப் படிக்கட்டில் மட்டும் இன்னும் நிற்கிறது.

அப்படி முழுதாக நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. முக்கிய விருந்தினர் வரும்போது சாலை முனையிலிருந்து வாசல்வரை பறைக் குழுவை முன்னால் விட்டுத்தான் அழைத்து வருகிறோம். வாசலில் அவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கீபோர்டை இயக்குகிறோம். அந்தக் கீபோர்டில் ஏற்றி வைத்திருக்கும் தாளங்களைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்: தவில் இருக்கிறது, பறையும் இருக்கிறது! பொத்தானிலிருந்து வரும் பறையொலிக்கு ஒருவரும் மறுப்புச் சொன்னதில்லை. நாம் வெளியே நிறுத்தியிருப்பது ஓசையையா, அதை எழுப்பும் கையையா? ஆமோஸ் தீர்க்கதரிசி 5-ஆம் அதிகாரத்தில் பாடல்களின் இரைச்சலைப் பற்றிச் சொல்லியிருப்பதை இந்த வாரம் வீட்டில் வாசித்துப் பாருங்கள்.

வேத ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒன்று. யாத்திராகமம் 15-இல் செங்கடலைக் கடந்த பின் மிரியாம் கையில் எடுத்த வாத்தியத்தை எபிரெயத்தில் 'தோஃப்' என்பர். நம் வேதாகமத்தில் அது 'தம்புரு' என்று இருப்பதால், பலர் கச்சேரியில் சுருதிக்கு மீட்டும் தந்திக் கருவியை நினைத்துக்கொள்கிறார்கள். தோஃப் தந்திக் கருவி அல்ல. மரவளையத்தில் தோல் போர்த்திக் கையில் ஏந்தி அடிக்கும் கருவி. 150-ஆம் சங்கீதத்தின் வாத்திய வரிசையில் நடனத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் அதுவே. நம் நாட்டில் அதற்கு மிக நெருங்கிய உறவு எது என்று நான் சொல்லத் தேவையில்லை. அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய அன்று, கரை ஏறிய பிறகு, ஒரு பெண் தானாக எடுத்த கருவி அது. பார்வோன் எடுக்கச் சொல்லவில்லை.

இதிலிருந்து என் நிபந்தனைகள் பிறக்கின்றன. கூலிக்குக் குழு அமர்த்தி ஆலயத்தில் அடிக்கச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். "அது அவர்கள் வழக்கம், அவர்களே அடிக்கட்டும்" என்று ஒரு தெருவின் பிள்ளைகளிடம் கருவியைத் தள்ளிவிடுவதையும் ஏற்கமாட்டேன். அது பழைய ஊர்வழக்கத்துக்கு அங்கி அணிவிப்பதாகும். எல்லாத் தெருவின் பிள்ளைகளும், பெண்பிள்ளைகள் உட்பட, கற்க வேண்டும். மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்ற நிறுவனம் மூடிக்கிடந்த ஒரு திரையரங்கில் பாடல் பதிவு செய்துவந்தது. ஊர் முழுவதும் நிறவேற்றுமை கோலோச்சிய 1960-களில், அதன் உள்ளே இரண்டு கறுப்பரும் இரண்டு வெள்ளையருமாக நால்வர் அமர்ந்து வாசித்தார்கள். சோல் இசையின் தலைசிறந்த தாளங்கள் சில அங்கேதான் பிறந்தன. ஒரு வியாபார நிறுவனத்தால் முடிந்தது திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்கும் நம்மால் முடியாதா? கற்கும்போது சரித்திரத்தையும் சேர்த்தே கற்க வேண்டும். இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி என்று பிடிக்கப் பழகுவது சில நாள் வேலை. அதை ஏந்தியவர்கள் ஏன் கீழே வைத்தார்கள் என்று கேட்டறிவதற்கு அதைவிட அதிக நாள் ஆகும். கேட்டு முடித்த பின்னும் மூப்பர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், இந்த ஆண்டு பண்டிகையில் பறை வேண்டாம். ஃபிஸ்க் மாணவர்கள் முதலில் அறைக்குள் பாடிக்கொண்டதைப் போல, வாலிபர் கூட்டத்தில் வாசித்துப் பழகட்டும். காத்திருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூப்பர்களும் வாலிபர்களும் சபை மண்டபத்தில் கூடுகிறார்கள். பெரியவர்கள் முதலில் பேசுவார்கள். அவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. வாலிபர்கள் அன்று கருவியைக் கொண்டுவர வேண்டாம், குறிப்பேடு கொண்டுவந்தால் போதும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்